லேத் பட்டறையில் பெண்ணுக்கு என்ன வேலை? பொறியியல் கேள்வி பதில்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆலைகளில் இயந்திரப் பராமரிப்பில் காலம் கழித்தவன் நான். கணினித் துறையின் நுணுக்கங்களை அத்துறைக்காரர்களிடம் கேளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய்: என் மகள் மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்கிறாள். "லேத் பட்டறையில் பெண்ணுக்கு என்ன வேலை?" என்கிறார் என் அண்ணன். என்ன பதில் சொல்வது ஐயா?

அவரிடம் லலிதாவைப் பற்றிச் சொல்லுங்கள் அம்மா. பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் விதவை, கையில் நான்கு மாதக் குழந்தை. தந்தை கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை வீட்டு மூலையில் உட்கார வைக்காமல், தாம் பாடம் நடத்திய கல்லூரியிலேயே சேர்த்தார். 1943-இல் பட்டம் பெற்ற லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளர். பிறகு கல்கத்தாவில் வேலை. பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின் பணிகளிலும் அவருக்குப் பங்கு உண்டு. அதே காலத்தில் கிண்டியில் சிவில் படித்த பி.கே. திரேசியா பின்னாளில் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். எண்பது ஆண்டுகள் கழித்தும் உங்கள் அண்ணன் அதே கேள்வியைக் கேட்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு.

மெக்கானிக்கல் என்றால் சுத்தியலும் கிரீஸும் மட்டும் அல்ல. வடிவமைப்பு, குளிர்பதனம், வாகனச் சோதனை, தரக் கட்டுப்பாடு எல்லாம் அதில் அடங்கும். இரவு ஷிப்டும் போக்குவரத்தும் உண்மையான கவலைகள்தாம். வேலையில் சேரும்போது அவற்றை நிறுவனத்திடம் நேராகக் கேட்கலாம். படிக்கும்போதே அஞ்ச வேண்டியதில்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு எட்டு லட்சத்துக்குள் இருந்தால், மாணவிகளுக்கான பிரகதி உதவித்தொகைக்கு (ஆண்டுக்கு 50,000 ரூபாய்) விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

மதுரை மாணவர்: கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காவிட்டால் பொறியியலே வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள்.

நண்பர்களை ஒருமுறை பாம்பனுக்கு அழைத்துப் போங்கள் தம்பி. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தில், கப்பல் கடக்க வேண்டுமென்றால் ஆட்கள் கையால் இயக்கித் தூக்குப் பகுதியைத் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. கடலுக்குள் அடித்தளம் போட்டது சிவில். எடையைச் சமன் செய்து தூக்குவது மெக்கானிக்கல். மோட்டார் எலெக்ட்ரிக்கல். ரயில் வரும் நேரத்தில் பாலம் தூக்கியபடி நிற்காமல் பார்ப்பது கட்டுப்பாட்டுப் பொறியியல். இதில் எந்த வேலை உங்களை ஈர்க்கிறதோ, அதுவே உங்கள் கிளை. மெக்கானிக்கல் படித்துவிட்டு மென்பொருளுக்குப் போனவர்கள் ஏராளம் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்த மாணவரின் தந்தை, விழுப்புரம்: பாலிடெக்னிக்கில் சேர்த்தால் மகனின் எதிர்காலம் சுருங்கிவிடுமா?

உங்கள் ஊர்க்காரர் வீரமுத்துவேல், மெக்கானிக்கல் டிப்ளமோவில்தான் தொடங்கினார். அடுத்து பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் முதுநிலை, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் அவர். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் அங்கே கணிதம் உதைக்கும். பிளஸ் டூ படித்து வந்தவர்கள் ஏற்கெனவே பழகிய வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் இவனுக்குப் பாதி புதிதாக இருக்கும். டிப்ளமோவின் கடைசி விடுமுறையில் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். அந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் போதும்.

அரசுப் பள்ளி மாணவி, தர்மபுரி: தமிழ் வழியில் படித்தேன். கல்லூரியில் ஆங்கிலத்தில் நடத்தினால் புரியுமா? கட்டணமும் பயமாக இருக்கிறது.

முதல் செமஸ்டர் கடினம்தான், மறைக்கமாட்டேன். பாடச் சொற்கள் சில நூறுதான் மகளே, மூன்று மாதத்தில் பழகிவிடும். கோதவாடி கிராமத்தில் தமிழ் வழியில் படித்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் முடித்துச் சந்திரயான்-1-ஐ வழிநடத்தினார். கட்டணத்தைப் பொறுத்தவரை, ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பள்ளிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறியியலில் ஆர்வம் ஊட்ட என்ன செய்யலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. சொற்பொழிவு வேண்டாம் சார். பழுதான ஒரு பழைய மின்விசிறியை வகுப்புக்குக் கொண்டு போங்கள். மின்சாரம் வேண்டாம், திருப்புளி போதும்.

கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி போடுங்கள்: சுவிட்சைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை; கையால் லேசாகத் தள்ளிவிட்டால் ஓடுகிறது. ஏன்? பெரும்பாலான வீடுகளில் பார்த்திருப்பார்கள், யாரும் காரணம் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) மின்சாரத்தால் ஒரு சுருளில் உண்டாகும் காந்தப்புலம் சுழலாது. கூடிக் குறைந்து திசை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் எந்தப் பக்கம் சுற்றுவது என்று விசிறிக்குத் தெரியாது. விசிறிக்குள் இரண்டாவது சுருள் ஒன்றும் உண்டு. கன்டென்சர் (மின்னேற்றத்தைத் தேக்கி விடும் சிறு பாகம்) அந்தச் சுருளின் மின்னோட்டத்தைச் சற்று முந்த வைக்கிறது. இரண்டு புலங்களும் சேர்ந்தால்தான் சுழற்சி பிறக்கும். கன்டென்சர் செத்துவிட்டால் அந்த வேலையைக் கை செய்கிறது. எதிர்ப்பக்கம் தள்ளினால் எதிர்ப்பக்கமே ஓடும்! இதைக் கேட்டதும் எந்தப் பிள்ளையின் கண் விரிகிறதோ, அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் நீங்கள் பேசலாம். விசிறியை ஓடவிட்டுச் சோதிக்க மட்டும் வீட்டில் முயல வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு தந்தை: மகனுக்கு வரலாறுதான் பிடிக்கிறது. எப்படிப் பொறியியலுக்குத் திருப்புவது?

திருப்பாதீர்கள். வரலாறு படிக்கட்டும்.

நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் தருவதாக ஒரு கல்லூரி அழைக்கிறது. கடன் வாங்கிச் சேர்க்கலாமா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி என்றால், பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தை முதலில் பாருங்கள். அடுத்து என்.பி.ஏ. (படிப்புகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய வாரியம்) அங்கீகாரம். அது கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, கிளைவாரியாகத்தான் கிடைக்கும். நீங்கள் சேரப் போகும் கிளைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு, திறப்பு விழா நாளில் அல்லாமல் சாதாரண வேலை நாளில் போய்ப் பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். லேத்தின் அடியில் சீவி விழுந்த உலோகச் சுருள் கிடந்தால் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். தூசி படிந்திருந்தால் முன்பணம் கட்டாமல் வீடு திரும்புங்கள்.