சுவரை உடைப்பதற்கு முன் ஒரு நோட்டீஸ்

கேள்வி: திண்டுக்கல்லில் சொந்த வீடு கட்டிக் குடிவந்து ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு பாத்ரூம், சமையலறை, மாடித் தொட்டி இணைப்பு எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் கூலி பேசி ஒரு பிளம்பரிடம் விட்டேன். பைப், சாமான்கள் நான் வாங்கிக் கொடுத்தேன். 70,000 கொடுத்தாகிவிட்டது. இப்போது பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவர் முழுக்க ஓதம் அடித்து பெயின்ட் உரிகிறது. பிளம்பர் பைப் சரியில்லை என்கிறார், கடைக்காரர் வேலை சரியில்லை என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. போலீஸில் புகார் கொடுக்கலாமா? மீதி 15,000-ஐக் கொடுக்க வேண்டுமா?

பதில்: போலீஸ் வேண்டாம். மோசடி என்று வழக்கு நிற்க, வேலையை ஒப்புக்கொண்ட நாளிலேயே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஜாயின்ட் ஒழுகுவது அதில் சேராது.

நீங்கள் போக வேண்டியது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 'சேவை' என்பதற்குள் வீட்டுக் கட்டுமானத்தைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. தினக்கூலிக்கு ஆள் வைத்து, பக்கத்தில் நின்று வேலை வாங்கியிருந்தால், 'இது தனிப்பட்ட வேலையாள் ஒப்பந்தம், ஆணையத்தில் வராது' என்று எதிர்த்தரப்பு கிளப்பும். நீங்கள் மொத்தமாகப் பேசி விட்டது நல்லதாகப் போயிற்று. எழுத்து இல்லையே என்று கவலைப்படாதீர்கள், வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். ஜிபேயில் போன பணமும் வாட்ஸ்அப் பேச்சும் அதைச் சொல்லும். அந்த போனை மட்டும் விற்றுவிடாதீர்கள், அதிலுள்ளதை ஆதாரமாக வைக்க பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

சரி, தவறு யாருடையது? அதற்கான பதில் சுவருக்குள் இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் சுவரை உடைத்து, புது பைப் போட்டு, டைல்ஸும் ஒட்டி முடித்த பிறகுதான் வருவார்கள். பழைய பைப் எங்கே என்றால், பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டோம் என்பார்கள். அப்புறம் நான் எதை வைத்து வாதாடுவது?

முதலில் அந்த லைனின் வால்வை மூடுங்கள். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, விட்டால் இழப்பீட்டில் கழித்துவிடுவார்கள். அடுத்து பிளம்பர், கடைக்காரர், பைப் கம்பெனி மூவருக்கும் ஒப்புகையுடன் நோட்டீஸ் அனுப்புங்கள். இன்ன தேதியில் சுவரைத் திறக்கிறோம், வந்து பாருங்கள் என்று அதில் இருக்கட்டும். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி போதும். வராவிட்டால் அதுவே உங்களுக்குச் சாதகம். அன்றைக்கு உறவுக்காரர் அல்லாத ஒரு சிவில் இன்ஜினியர் இருக்க, உடைப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். ஜாயின்ட் கழன்றிருந்தாலோ, வெந்நீர் லைனில் சூடு தாங்கும் சிபிவிசி பைப்புக்குப் பதில் குளிர்ந்த நீருக்கான யுபிவிசி பைப் ஓடியிருந்தாலோ பிளம்பர் மாட்டுவார். (அந்த யுபிவிசியை மலிவு என்று நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் வழக்கு பாதி போச்சு.) ஜாயின்ட் எல்லாம் உறுதியாக இருந்து பைப்பின் உடம்பே வெடித்திருந்தால், பார்வை கம்பெனி பக்கம் திரும்பும். வெட்டியெடுத்த துண்டை, மேலே அச்சடித்த ஐஎஸ்ஐ முத்திரையும் பேட்ச் எண்ணும் தெரிய, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். தேவைப்பட்டால் ஆணையமே அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்.

பூச்சுக்கு முன் பிளம்பர் பைப்பில் தண்ணீர் நிரப்பி பிரஷர் டெஸ்ட் செய்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் நோட்டீஸில் அதுதான் முதல் வரி. மூடி மறைக்கும் லைனைச் சோதிக்காமல் பூசவிட்டதற்கு அவரிடம் நல்ல பதில் இருக்காது.

கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தாக்கலாக வேண்டும். திண்டுக்கல்லிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, கொடுத்த விலையை வைத்து; அது ஐந்து லட்சத்துக்குள் என்பதால் உங்களுக்குக் கட்டணமே இல்லை. சுவர், டைல்ஸ், பெயின்ட் செலவுக்கு பில் வையுங்கள். மன உளைச்சலுக்கும் கேட்கலாம், பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள்.

அந்த 15,000-ஐ இப்போது கொடுக்க வேண்டாம். ஆனால் ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்பதை நோட்டீஸில் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், கூலி பாக்கிக்காக என்மேல் பழி போடுகிறார் என்று அவர் ஆரம்பிப்பார்.