முதலில் மடியுங்கள், அப்புறம் வரையுங்கள்

கேள்வி: விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதிப் பருவ புராஜெக்டுக்கு ஓர் இசை ஆல்பத்தின் முழு உறையையும் வடிவமைத்து, அச்சிட்டு, கையில் கொடுக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களைப் பற்றி நண்பர்கள் ஐந்து பாட்டு செய்திருக்கிறார்கள். அதைத்தான் எடுத்துக்கொண்டேன். ஃபோட்டோஷாப்பில் 1080-க்கு 1080 பிக்சலில் முன்பக்கத்தை முடித்துவிட்டேன். வழிகாட்டியோ, "இது இன்ஸ்டாகிராம் போஸ்ட், பேக்கேஜ் இல்லை. ஆறு பக்க டிஜிபேக் செய்" என்கிறார். அளவு, தமிழ் எழுத்து, அச்சு எதுவும் பிடிபடவில்லை. மூன்று வாரம்தான் இருக்கிறது.

பதில்: நானும் உங்கள் வழிகாட்டியின் பக்கம்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1080-ஐ 300-ஆல் வகுத்தால் 3.6 அங்குலம், அதாவது 91 மி.மீ. டிஜிபேக் என்பது சிடிக்கான மடக்கு அட்டை உறை. அதன் ஒரு பக்கம் சுமார் 140 மி.மீ. அகலம், 125 மி.மீ. உயரம். படம் பத்தவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் வரைந்திருப்பது சதுரம். இந்த உறை சதுரமே இல்லை. இருக்கிற படத்தை இழுத்துப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டரை மூடிவிட்டு ஒரு சார்ட் பேப்பரும் கத்திரிக்கோலும் எடுங்கள்.

ஆறு பக்க டிஜிபேக் என்பது மூன்று பலகைகள் வரிசையாக நிற்கும் ஓர் அட்டை. அவற்றுக்கு முன்னும் பின்னும் சேர்த்து ஆறு பக்கம். வெளிப்பக்கம் மேலே தெரியும்படி விரித்து வைத்தால் வலது ஓரத்தில் முன் அட்டை, நடுவில் பின் அட்டை, இடது ஓரத்தில் உள்ளே மடங்கும் மடல். பலகைகளுக்கு நடுவே முதுகு. முதுகின் தடிமன் சிடி உட்காரும் பிளாஸ்டிக் தட்டைப் பொறுத்தது. டிஜிபேக் தட்டு தனியாகக் கிடைப்பது சிரமம். பழைய சிடி பெட்டி ஒன்றிலிருந்து ஒளி ஊடுருவும் உள்தட்டைக் கழற்றி, ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை விட உங்கள் மேசையில் இருக்கும் தட்டுதான் நம்பகமான அளவு. முதுகு 6 மி.மீ. என்று வந்தால் முன் அட்டை 140, முதுகு 6, பின் அட்டை 140, முதுகு 6, மடல் 139, ஆக 431 மி.மீ. மடலில் ஒரு மி.மீ. குறைத்தது உள்ளே மடங்கும்போது முட்டாமல் இருக்க. ஏ3 தாளின் நீளமே 420தான், அது பத்தாது. அதனால்தான் சார்ட் கேட்டேன்.

வெட்டி மடித்தாயிற்றா? இப்போது அதைத் திறந்து மூடி விளையாடுங்கள். முன் அட்டையைத் திறந்ததும் இடப்பக்கம் அதன் உட்புறம் தெரியும். வலப்பக்கம் சிடி தெரியாது. மடலின் வெளிப்பக்கம்தான் தெரியும். அதையும் விரித்தால்தான் மூன்று பலகைகளும் ஒரே நீளமாகக் கண்ணில் படும். சிடியை எடுத்தால் தட்டுக்கு அடியில் இன்னொரு படம். உறை வடிவமைப்பு என்று நான் சொல்வது இந்த வரிசையைத்தான்: எது முதலில் தெரிய வேண்டும், எது கடைசிவரை ஒளிந்திருக்க வேண்டும். மாணவர் புராஜெக்டுகள் நிறையப் பார்த்திருக்கிறேன். முன் அட்டையில் பத்து நாள் உழைத்துவிட்டு மற்ற ஐந்து பக்கங்களிலும் அதே படத்தை மங்கலாக்கி ஒட்டியிருப்பார்கள். திறந்து பார்க்கிறவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

'ஆல்பம்' என்ற சொல்லே புத்தகத்திலிருந்து வந்ததுதான். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசைக்கோவைக்குப் பல தட்டுகள் வேண்டும். அவற்றைப் புகைப்பட ஆல்பம் போலக் கட்டி விற்றார்கள், பெரும்பாலும் வெறும் அட்டையில் தலைப்பை மட்டும் அச்சிட்டு. 1939-இல் கொலம்பியா ரெக்கார்ட்ஸில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் அந்த அட்டையில் ஓவியம் வரையலாமே என்று நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார். அதிலிருந்துதான் நம் பிழைப்பு தொடங்குகிறது.

உங்கள் பொருளுக்கு வருகிறேன். உப்பளத்தை மேலிருந்து பார்த்திருக்கிறீர்களா? பாத்தி பாத்தியாகச் செவ்வகங்கள், நடுவே வரப்புகள். விரித்து வைத்த டிஜிபேக்கும் அப்படித்தான் இருக்கிறது, முதுகுகள் வரப்புகள். இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, உங்கள் சார்ட்டை மனசில் மடித்துப் பார்த்தபோது தெரிந்தது. முன் அட்டையில் கடல்நீர் தேங்கிய பாத்தி. திறந்ததும் மடலில் அடர்ந்த உப்புநீர். உப்பு ஏற ஏற அதில் வாழும் நுண்ணுயிர்களால் நீர் இளஞ்சிவப்பாகத் திரும்புவதை நேரில் பார்த்திருப்பீர்கள். மடலையும் விரித்தால் மூன்று பலகைக்கும் வெள்ளை வெளேரென்று உப்பு. அந்த வெள்ளைக்கு மை வேண்டாம், தாளே போதும். சிடிக்கு அடியில் உப்பு வாரும் ஒருவரின் கால்கள், வெடிப்புகளோடு. பாட்டு கேட்க சிடியை எடுக்கிறவர் மட்டும்தான் அதைப் பார்ப்பார். இப்படியேதான் செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் நீர் உப்பாக மாறும் வரிசையும் உறை திறக்கும் வரிசையும் ஒன்றாகிவிடுவதால், ஏன் இந்த வடிவம் என்று வைவாவில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

நிறத்தைக் குறையுங்கள். 1950-60களில் ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்துக்கு ரீட் மைல்ஸ் செய்த உறைகளைத் தேடிப் பாருங்கள். ஃபிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கூட ஒரே ஒரு நிறம், மீதி எல்லாம் எழுத்தும் வெற்றிடமும். பலவற்றில் அவ்வளவுதான் இருக்கும். இளஞ்சிவப்பு, கறுப்பு, தாளின் வெள்ளை என்பது உங்களுக்கு ஏராளம். கணினித் திரையில் பளிச்சென்று தெரியும் நீலமும் பச்சையும் சி.எம்.ஒய்.கே. என்ற நான்கு மை அச்சில் சோர்ந்துபோகும், முதல் நாளே அந்த வண்ண முறைக்கு மாற்றிக்கொண்டு வேலை செய்தால் கடைசி நாள் அதிர்ச்சி இருக்காது.

இனி தமிழ் எழுத்து. பாதிப் பேர் சறுக்கும் இடம், நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு நாட்டுப்புறக் கலைக்குழுவுக்கு நான் செய்த முதல் சிடி உறை 500 பிரதிகள் அச்சாகி வந்தபோது 'கொட்டு' என்ற சொல்லில் கொம்பு ஓரிடம், ககரம் ஓரிடம், கால் ஓரிடமாகச் சிதறிக் கிடந்தது. அச்சகத்தின் கணினியில் என் எழுத்துரு இல்லை. கோப்பைத் திறந்தார்கள், ஏதோ ஒன்று மாற்றாக வந்து உட்கார்ந்தது, யாரும் படித்துப் பார்க்கவில்லை. எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது. ஆனால் மாற்றிய பின் பிழை திருத்த முடியாது என்பதால், திருத்தக்கூடிய மூலப் பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோட்டோஷாப்பில் கொம்பு இடம் மாறித் தெரிந்தால் எழுத்துரு மேல் பழி போடாதீர்கள். விருப்பங்களில் டைப் பகுதிக்குப் போய் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்பது இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய பதிப்பில் அது 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்று இருக்கும். ஆனாலும் பாடல் பட்டியலையும் சிறு எழுத்துகளையும் ஃபோட்டோஷாப்பில் அமைக்காதீர்கள். அதற்கு இல்லஸ்ட்ரேட்டர் அல்லது இன்டிசைன். காசில்லை என்றால் ஸ்கிரைபஸ் இலவசம், சி.எம்.ஒய்.கே.யும் தெரியும். எழுத்துரு யூனிகோடாக இருக்கட்டும். கட்டமரன், மீரா இனிமை, பவனம், கவிவனர், பாலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. எங்கிருந்தோ பென்டிரைவில் வந்த எழுத்துருவைவிட இது நிம்மதி.

ஆங்கில உறைகளில் முதுகுக்கும் சிறு குறிப்புக்கும் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டு, இடைவெளி விட்டு விரிப்பார்கள். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. இடைவெளி விட்டு விரித்தால் கொம்பும் காலும் தன் எழுத்தை விட்டு நகர்ந்து நிற்கும். அதனால் தலைப்பை எடுத்துக்காட்ட தடிமனும் அளவும்தான் நமக்குக் கருவி. 7 பாயின்ட்டுக்குக் கீழே போனால் ண, ஞ போன்றவற்றின் சுழிகள் மையில் அடைத்துக்கொள்ளும். 6 மி.மீ. முதுகில் 9 பாயின்ட் தாராளமாக உட்காரும், மேலிருந்து கீழாகப் படிக்கும்படி வையுங்கள். சிறு எழுத்து எல்லாம் கறுப்பு மை ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பில் அடித்தால் துளி விலகினாலும் நிழல் விழும்.

பாடல் பட்டியலுக்கு இன்னொரு யோசனை. கேசட் காலத்தில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு பதிவு செய்தால் கடைக்காரர் பால்பாயின்ட் பேனாவில் அட்டையில் பாட்டுகளை வரிசையாக எழுதித் தருவார். உங்கள் ஐந்து பாட்டையும் பாடகர் கையெழுத்திலேயே எழுத வைத்து ஸ்கேன் செய்யலாம். எழுத்துருச் சிக்கலும் போயிற்று.

பின் அட்டையில் பாட்டுகளின் நேரம், பங்கேற்றவர்கள், ஆண்டு, உரிமைக் குறிப்பு வேண்டும். வட்டத்துக்குள் பி ஒலிப்பதிவின் உரிமைக்கு, வட்டத்துக்குள் சி படம், எழுத்து ஆகியவற்றுக்கு. இரண்டையும் குழப்பாதீர்கள். உண்மையான இசை நிறுவனத்தின் முத்திரையை எடுத்து ஒட்ட வேண்டாம், நீங்களே ஒரு பெயர் வையுங்கள். பார்கோடும் அப்படித்தான். 890 என்று தொடங்கும் எண் இந்தியாவில் பதிவு செய்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். 200 முதல் 299 வரையிலான தொடக்க எண்கள் கடைகளின் உள் உபயோகத்துக்கு ஒதுக்கியவை, மாதிரிக்கு அதுவே பொருத்தம். ஸ்கேனரின் ஒளி சிவப்பு என்பதால் உங்கள் இளஞ்சிவப்பில் கோடு போட்டால் அதற்குத் தெரியாது. வெள்ளை மேல் கறுப்பு.

கூகுளில் தேடி எடுத்த உப்பளப் படம் வேண்டவே வேண்டாம். நேரில் போய் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உற்பத்தி நின்றுவிடும், காலம் பார்த்துப் போங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போனால் உப்பு கண்ணைக் கூசாமல் படத்தில் விவரம் நிற்கும். யாருடைய காலையோ முகத்தையோ எடுத்தால் எதற்கு என்று சொல்லி, சம்மதம் வாங்கி, முடிந்த உறையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அச்சுக்கு சிவகாசி வரை போக வேண்டியதில்லை. ஆஃப்செட் ஆயிரக்கணக்கில் அடிப்பவர்களுக்குத்தான் கட்டும். உங்களுக்கு இரண்டு மூன்று பிரதிகள், ஆகவே டிஜிட்டல் பிரின்ட் கடை. அங்கே வழக்கமான தாள் 12-க்கு 18 அல்லது 13-க்கு 19 அங்குலம். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டிக் கழிக்கும் ஓரம்) சேர்த்தால் உங்கள் அட்டை 437-க்கு 131 மி.மீ. ஒரே தாளில் மேலும் கீழுமாக இரண்டு கொள்ளும்; ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும். 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன். லேமினேஷன் இல்லாவிட்டால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளைக்கோடு தெரியும். இரண்டு பக்கமும் அடிக்கும்போது முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு மி.மீ. விலகல் சாதாரணம். அதனால் நிறம் மாறும் எல்லையைச் சரியாக மடிப்புக் கோட்டின் மேல் வைக்காதீர்கள், எழுத்தை ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளுங்கள். கடையில் கிரீஸிங் இல்லையென்றால் மை தீர்ந்த பேனாவையும் ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து நீங்களே தடம் போட்டு மடிக்கலாம்.

சிடியில் அச்சுப் பரப்பு விளிம்பிலிருந்து ஒரு மி.மீ. உள்ளே தொடங்கி, நடுவில் சுமார் 23 மி.மீ. வட்டம் விட்டு நிற்கும். பாட்டு கேட்கப்போகிறவரின் லேப்டாப்பில் டிரைவ் இருக்காது, தேர்வாளரிடமும் இருக்காது. எனவே உட்பக்கம் எங்காவது 20 மி.மீ. அகலத்தில் ஒரு கியூஆர் கோடு வையுங்கள், சுற்றி வெள்ளை இடம் விட்டு. நீங்கள் எடுத்துக்கொண்ட அந்தச் சதுர வடிவமும் வீண் இல்லை. ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு 3000-க்கு 3000 பிக்சல் சதுரம் தேவைப்படும், புதிய முன் அட்டையின் நடுப்பகுதியைக் கொண்டு அதைத் திரும்பச் செய்துகொள்ளுங்கள்.

கடைக்குப் போகும் முன் கறுப்பு வெள்ளையில் முழு அளவில் ஒரு பிரதி எடுத்து, இரு பக்கமும் ஒட்டி, மடித்து, அந்தத் தட்டையும் சிடியையும் வைத்து, விவரம் தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல், அவர் எந்தப் பக்கத்தை முதலில் திறக்கிறார் என்று மட்டும் பாருங்கள்.