படக்கதையும் பிள்ளைகளும்: கேட்டவையும் சொன்னவையும்

அங்கன்வாடிப் பிள்ளைகளோடு 20 வருடத்துக்கு மேல் இருந்தவள் நான். 5 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

கேள்வி: மகளுக்கு மூன்றரை வயது. பத்து வரை கடகடவென்று சொல்கிறாள். படத்தில் எத்தனை வாத்து என்றால் முழிக்கிறாள்.

பதில்: அவள் சொல்வது பாட்டு. எண்ணுவது வேறு வேலை. ஒவ்வொரு வாத்தாகத் தொட்டு, ஒரு வாத்துக்கு ஒரு எண் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்பதும் பிடிபட வேண்டும். எண்ணி முடித்ததும் "ஆக எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை. வாத்துகள் வரிசையாக நிற்கும் படமாக எடுங்கள். சிதறி நின்றால் ஒன்றையே இரண்டு முறை எண்ணுவார்கள். 3 போதும். நம் மொழியிலும் ஒரு வழுக்கல் உண்டு: எண்ணும்போது 'ஒண்ணு', படத்தைக் காட்டும்போது 'ஒரு வாத்து', ஆட்கள் என்றால் 'ரெண்டு பேர்'. நமக்கு இது உறைப்பதே இல்லை, பிள்ளைக்கு உறைக்கும். அப்புறம், பக்கத்துக்குப் பத்துப் பொருள் திணித்த புத்தகத்தை வாங்காதீர்கள்.

கேள்வி: இரண்டே கால் வயது. எல்லா நிறத்தையும் சிவப்பு என்கிறான்.

பதில்: இந்த வயதில் சகஜம். ஆப்பிள் சிவப்பு, வாழைப்பழம் மஞ்சள் என்று காட்டினால் 'சிவப்பு' ஆப்பிளுக்கு இன்னொரு பெயர் என்று நினைக்கலாம். சிவப்புப் பந்து, மஞ்சள் பந்து என்று ஒரே பொருளைக் காட்டுங்கள். பக்கத்துக்குப் பத்துப் பந்து வேண்டாம்.

கேள்வி: அ, ஆ எப்போது எழுத வைக்கலாம்?

பதில்: அவசரமில்லை. முதலில் கிறுக்கட்டும்.

கேள்வி: பாட்டி வடை சுட்ட கதையில் திருட்டும் ஏமாற்றும்தானே இருக்கிறது. காட்டலாமா?

பதில்: தாராளமாக. எது முதலில், எது அப்புறம் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை. நாலே அட்டை: பாட்டி சுடுகிறாள், காகம் தூக்குகிறது, நரி பாடச் சொல்கிறது, வடை விழுகிறது. கலைத்துப் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். தட்டில் 5 வடை வரைந்தால், காகம் போன பிறகு 4.

கேள்வி: எங்கள் வீட்டில் காகம் வடையைக் காலடியில் வைத்துவிட்டுப் பாடும்!

பதில்: பழைய முடிவைச் சொன்ன பிறகு அதைச் சொல்லுங்கள். வாயைத் திறந்ததால் வடை விழுந்தது என்று தெரிந்தால்தானே காலடியில் வைத்த சாமர்த்தியம் புரியும்?

கேள்வி: அப்போதும் திருடிய காகத்துக்குத்தான் வடை. பாட்டிக்கு என்ன நியாயம்?

பதில்: கோர்ட்டா நடத்துகிறோம்? மூன்று வயதுக்காரர் யாரும் என்னிடம் நியாயம் கேட்டதில்லை, வடைதான் கேட்டார்கள். சரி, உறுத்தினால் பாட்டியே காகத்துக்கு ஒன்று போடட்டும். மீதிக் கதை அப்படியே நிற்கும்.

கேள்வி: மகனுக்கு 3 வயது. 'அ' எழுத மறுக்கிறான்.

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கிறுக்கட்டும்.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

பதில்: நான் ஆப் ஆளில்லை. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன. போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் மடியில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: இரண்டரை வயதாகியும் ஒரு வார்த்தை வரவில்லை. எந்தப் படக்கதை உதவும்?

பதில்: முதலில் குழந்தை மருத்துவர். காது கேட்கிறதா என்று சோதியுங்கள், இந்த வாரமே. கதை கூடவே நடக்கட்டும்.

கேள்வி: எல்கேஜி சேருவதற்குள் எழுத்து...

பதில்: கிறுக்கட்டும் அம்மா!