நிராகரித்தது ஒரு தகராறு, குறைத்தது வேறொரு தகராறு: கார் காப்பீட்டுக் கோரிக்கையில் அடுத்து என்ன செய்வது?

கேள்வி: என் காருக்கு மூன்று ஆண்டு எட்டு மாதம் வயது. 1,200 சிசி பெட்ரோல் வண்டி. முழுக் காப்பீடு உண்டு. பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்ரிசியேஷன் கூடுதல் காப்பு எடுக்கவில்லை. ஒரு நாள் இரவு என் மைத்துனர் ஓட்டிச் சென்றபோது, குறுக்கே வந்த மாட்டைத் தவிர்க்கத் திருப்பி, நடுத்தடுப்பில் மோதிவிட்டார். யாருக்கும் காயமில்லை. அவரிடம் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. அந்த வாரம் என் தாயார் மருத்துவமனையில் இருந்ததால், ஆறு நாள் கழித்துத்தான் நிறுவனத்துக்குத் தெரிவித்தேன். ஒர்க்‌ஷாப் போட்ட எஸ்டிமேட் 2,64,000 ரூபாய். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பிய சர்வேயரோ 1,46,000 ரூபாய்தான் என்றார். அதை ஏற்க மறுத்தேன். அதன் பிறகு மொத்தக் கோரிக்கையையும் நிராகரித்துவிட்டார்கள். தாமதமாகத் தெரிவித்தது ஒரு காரணமாம். தொலைபேசிப் பதிவில் ஓட்டியவர் நான் என்றும், கோரிக்கைப் படிவத்தில் மைத்துனர் என்றும் இருப்பது மற்றொரு காரணமாம். இனி நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு தகராறுகள் பின்னிக் கிடக்கின்றன. கோரிக்கையே செல்லாது என்று நிறுவனம் சொல்வது ஒன்று; செல்லும் என்றாலும் தொகை இவ்வளவுதான் என்று சர்வேயர் சொன்னது மற்றொன்று. இவற்றுக்கு வேண்டிய சான்றுகளும் வேறு, வாதங்களும் வேறு. இரண்டையும் ஒரே கோபத்தில் ஒரே கடிதத்தில் எழுதுபவர்கள், பெரும்பாலும் வலுவான வாதத்தையும் பலவீனமானதோடு சேர்த்து இழக்கிறார்கள். எனவே முதலில் நிராகரிப்பை எடுத்துக்கொள்வோம். அது நீங்காமல் தொகையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

நிராகரிப்புக் கடிதம் உங்கள் கையில் எழுத்து வடிவில் இருக்கிறதா என்று பாருங்கள். தொலைபேசியில் சொன்னதும் செயலியில் தோன்றிய ஒற்றை வரியும் போதா. பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறார்கள் என்று குறிப்பிட்ட கடிதத்தை மின்னஞ்சலில் கேட்டுப் பெறுங்கள். அந்தக் கடிதம் உங்களுக்கு எதிரானதாகத் தோன்றினாலும், உண்மையில் உங்களுக்கு அரண் அதுதான். நிராகரிப்புக் கடிதத்தில் சொல்லாத புதிய காரணத்தைப் பின்னர் வழக்கில் காப்பீட்டு நிறுவனம் எழுப்ப முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட தீர்ப்புகளில் கூறியிருக்கிறது. ஆகவே அந்த இரண்டு காரணங்களுக்கு மட்டும் நீங்கள் பதில் சொன்னால் போதும். மூன்றாவதைக் கற்பனை செய்துகொண்டு நீங்களாகவே விளக்கம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

தாமதம் என்ற காரணத்தை நான் பெரிதாக அஞ்சவில்லை. உண்மையான காரணம் இருக்கும்போது தாமதத்தை மட்டும் காட்டிக் கோரிக்கைகளை நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. காரணம் விளக்கப்பட்ட தாமதத்தைக் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என்று 2017-இல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. உங்கள் வழக்கு திருட்டு அல்ல, விபத்து. ஆயினும் தருக்கம் அதுவே. நிறுவனம் தெரிந்துகொள்ள விரும்புவது ஒன்றுதான்: அந்த ஆறு நாளில் ஆய்வு செய்யும் வாய்ப்பை அது இழந்ததா? வண்டியைப் பிரிக்காமல் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியிருந்தீர்கள் என்றால் இழக்கவில்லை. இழுவை வண்டியின் ரசீது, ஒர்க்‌ஷாப்பின் உள்வருகைப் பதிவு, விபத்து நடந்த இடத்தில் எடுத்த படங்கள், தாயாரின் மருத்துவமனைச் சேர்க்கை மற்றும் விடுவிப்புச் சான்று ஆகிய நான்கையும் தேதி வரிசையில் வைத்தால் இந்தக் காரணம் ஏறக்குறைய உதிர்ந்துவிடும். சர்வேயர் வருவதற்கு முன்பே பழுதுபார்த்திருந்தால் மட்டுமே என் பதில் வேறாக இருந்திருக்கும்.

இரண்டாவது காரணத்தில்தான் கவனம் தேவை. ஓட்டியவர் யார் என்பதில் முரண்பாடு இருந்தால், உரிமம் இல்லாத ஒருவரை மறைக்கிறார்கள் என்றே நிறுவனம் முதலில் சந்தேகிக்கும். அந்தச் சந்தேகம் எல்லா நேரத்திலும் தவறானதும் அல்ல. ஆனால் அழைப்பு மையத்தில் பேசுபவரையே ஓட்டுநராகப் பதிவு செய்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. மதிப்பீட்டுப் பணியில் இருந்த ஆண்டுகளில், வெளிநாட்டில் இருந்தபடி அழைத்த உரிமையாளரே உள்ளூரில் வண்டி ஓட்டியதாகப் பதிவான கோப்பை நான் பார்த்திருக்கிறேன். எனவே உங்கள் முதல் அழைப்பின் ஒலிப்பதிவை எழுத்து மூலம் கேளுங்கள். ‘வண்டி விபத்தாகிவிட்டது’ என்று நீங்கள் சொன்னதை ‘நான் ஓட்டினேன்’ என்று அவர்கள் எழுதிக்கொண்டார்களா என்பது அதில் தெரிந்துவிடும். அதனுடன் மைத்துனரின் உரிம நகல், அவருடைய கையெழுத்திட்ட வாக்குமூலம், காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது, அன்றிரவு நீங்கள் மருத்துவமனையில் இருந்ததற்கான சான்று ஆகியவற்றை இணையுங்கள். விபத்து நடந்ததும் அதே வாரத்தில்தானே? அப்படியானால் தாமதத்தை விளக்கும் மருத்துவமனைச் சான்றே, ஓட்டியது நீங்கள் அல்ல என்பதையும் நிறுவிவிடக்கூடும்.

தொலைபேசியில் உண்மையிலேயே ‘நான்தான் ஓட்டினேன்’ என்று சொல்லியிருந்தால், அதை மறைக்காமல், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஒரே முறை எழுதிவிடுங்கள். மூன்றாவதாக ஒரு கதை வந்துவிட்டால் எந்த மன்றமும் உங்களைக் காப்பாற்றாது.

இனி தொகை. சர்வேயர் குறைத்த 1,18,000 ரூபாய் முழுவதையும் அநியாயம் என்று நீங்கள் கருதுவது புரிகிறது. ஆனால் அதில் பெரும்பகுதி நீங்கள் கையெழுத்திட்ட பாலிசியிலேயே இருக்கிறது. வழக்கமான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்கு 50 சதவீதமும், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள், கண்ணாடிக்குக் கழிவில்லை. உலோக பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்துக் கழிவு உயரும். மூன்று ஆண்டு கடந்து நான்கு ஆண்டு முடியாத வண்டிக்கு அது 25 சதவீதம். பெயின்ட் வேலைக்கு ஒரே பில் போட்டிருந்தால், அதில் நான்கில் ஒரு பங்கைப் பொருளாகக் கொண்டு அந்தப் பங்கில் பாதியைக் கழிப்பார்கள். எண்ணெய், கூலன்ட், கிரீஸ் போன்றவற்றுக்குத் தனிக் காப்பு இல்லாவிட்டால் ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு கோரிக்கையிலும் உங்கள் பங்காகக் கழிக்கும் கட்டாயக் கழிவு, 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு 1,000 ரூபாய்.

உங்கள் எஸ்டிமேட்டின் உட்பிரிவுகளை நீங்கள் அனுப்பவில்லை. எனவே ஓர் உதாரணப் பிரிவை வைத்துக் கணக்கிடுகிறேன். உலோக பாகங்கள் 1,00,000, பிளாஸ்டிக் 70,000, முன்கண்ணாடி 14,000, கூலி 40,000, பெயின்ட் 32,000, எண்ணெய் வகை 8,000 என்றால் மொத்தம் 2,64,000. உலோகத்தில் 25,000, பிளாஸ்டிக்கில் 35,000, பெயின்ட்டில் 4,000, எண்ணெய் வகையில் 8,000, கட்டாயக் கழிவு 1,000 என 73,000 ரூபாய் முறைப்படியே போய்விடும். மிச்சம் 1,91,000. அதற்கும் சர்வேயரின் 1,46,000-க்கும் இடையிலுள்ள 45,000 ரூபாய்தான் நீங்கள் வாதாட வேண்டிய தொகை. மாற்ற வேண்டிய பாகத்தைத் தட்டிச் சரிசெய்தால் போதும் என்று எழுதினாரா, ஒரு பாகம் இந்த விபத்தில் சேதமானதே அல்ல என்றாரா, பழைய பாகங்களின் மதிப்பைக் கூடுதலாகக் கழித்தாரா என்பது அவரது அறிக்கையில்தான் தெரியும். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள்; அது உங்களுக்கு உரியது. பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒர்க்‌ஷாப்பின் தொழில்நுட்பக் குறிப்பையும் படத்தையும் வைத்து மறுப்பு எழுதுங்கள். சர்வேயரின் அறிக்கை முக்கியமானதே தவிர இறுதியானது அல்ல என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் அதைத் தள்ளிவைக்க வரி வரியான காரணம் வேண்டும். ‘ஒர்க்‌ஷாப் அதிகம் கேட்கிறது’ என்ற வாதத்துக்கு ‘சர்வேயர் குறைவாகத் தருகிறார்’ என்பது பதில் ஆகாது.

கால அளவையும் சரிபாருங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கோரிக்கை வந்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்க வேண்டும்; அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும்; அதிலிருந்து 7 நாளில் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். இவை மீறப்பட்டிருந்தால் தேதிகளோடு குறிப்பிடுங்கள். பணம் தாமதமாக வந்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டியும் கேட்கலாம்.

எங்கே போவது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்து மூலப் புகார். அதே புகாரை ஐ.ஆர்.டி.ஏ.ஐ.-யின் பீமா பரோசா என்ற புகார் இணையதளத்திலும் பதிந்து எண்ணைப் பெறுங்கள். மறுத்துவிட்டாலோ, ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லாவிட்டாலோ, ஆம்புட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் விசாரிக்கலாம், அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு சேர வேண்டும். உங்கள் தொகைக்கும் சான்றுகளின் தன்மைக்கும் நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் அடுத்த வழி. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுத்தாக வேண்டும். மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் செலவுத் தொகையையும் அங்கே கேட்க முடியும் என்பது அனுகூலம். காலம் பிடிக்கும் என்பது குறை. அதே விவகாரம் ஆணையத்தில் நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் ஏற்க மாட்டார் என்பதால் இரண்டு கதவையும் ஒன்றாகத் தட்ட வேண்டாம். குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு உங்களுக்கு நிறைவு தராவிட்டால் பின்னர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுக் கெடுவை நாட்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள்.

‘75 சதவீதம் தருகிறோம், முடித்துக்கொள்வோம்’ என்று இடையில் ஒரு பேச்சு வரக்கூடும். அடிப்படையல்லாத நிபந்தனை மீறலில் முழுக் கோரிக்கையையும் மறுக்காமல் 75 சதவீதம் வரை தரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் ஏற்றிருக்கிறது. ஆனால் உங்கள் சான்றுகள் சரியாக இருந்தால் இங்கே நிபந்தனை மீறலே இல்லை. ஆகவே இதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தொகையைப் பெற்றாலும் ‘முழு இறுதித் தீர்வாக’ என்று அச்சிட்ட ரசீதில் வெறுமனே கையெழுத்திடாமல், ‘என் மறுப்புக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அத்தகைய ரசீது, கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015-இல் தெளிவுபடுத்தியுள்ளது, இருப்பினும் எழுதி வைப்பது நல்லது.

வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்றால் நிறுத்தக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், அதை யாரும் உங்களுக்குத் திருப்பித் தர மாட்டார்கள். ‘பத்து நாளுக்குள் மறு ஆய்வு செய்ய விரும்பினால் செய்துகொள்ளலாம், அதன் பின் பழுதுபார்ப்பேன்’ என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, சேதங்களை எல்லாக் கோணத்திலும் படமெடுத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சர்வேயர் மறுத்த பாகங்களைக் கழற்றும்போது அவற்றைத் தனியே பெயரிட்டு மூட்டையில் கட்டி வாங்கி, தீர்ப்பு வரும்வரை வீட்டில் வைத்திருங்கள். அந்த 45,000 ரூபாய்க்கு அவைதான் சாட்சி.