ஐப்பசி மழையும் ஒரு வாழைப்பூவும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் பதில்கள்

பணி ஓய்வுக்குப் பிறகு நீங்களும் உங்கள் கணவரும் கிராமத்திலேயே தங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். பொழுது போகிறதா? ஒரு வாரம் எப்படிக் கழிகிறது என்று சொல்லுங்களேன்.
– வாசகி, நங்கநல்லூர்

இந்த வாரத்தையே சொல்கிறேன். எங்கள் ஊர் திருவையாற்றுக்கு மேற்கே, குடமுருட்டிக் கரையில் இருக்கிறது. ஐப்பசி அடைமழை. திங்கட்கிழமை விடியும்போதே கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் குடையை எடுத்துக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். நிலம் குத்தகையில்தான் இருக்கிறது. ஆனாலும் சம்பா நடவு முடிந்த இந்தச் சமயத்தில் மழை வலுத்தால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. வடிகாலில் வெங்காயத்தாமரை அடைத்துக்கொண்டால் தண்ணீர் இறங்காது. இளம்பயிர் நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போகும். குத்தகைக்காரத் தம்பியும் அவருமாகக் கொக்கி போட்டு இழுத்துவிட்டு, முழங்கால் வரை சேற்றோடு வந்தார். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். "தண்ணி இறங்கிடுச்சு" என்றார். அதற்கப்புறம் சாயங்காலம் வரை எங்களுக்குள் பெரிதாகப் பேச்சில்லை. அவர் திண்ணையில் பேப்பரோடு, நான் உள்ளே தையலோடு. ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். அது போதும்.

புதன்கிழமை பௌர்ணமி, சிவன் கோயிலில் அன்னாபிஷேகம். தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் மூட்டை மூட்டையாக அரிசி வடிப்பார்கள். எங்கள் கோயில் சின்னது. வீட்டுக்கு வீடு ஒரு மரக்கால் அரிசி, முடிந்தவர்கள் காய்கறி. எங்கள் பங்குக்குக் கொல்லையில் காய்த்த பரங்கிக்காயை அவர் தோளில் சுமந்துகொண்டு போனார். லிங்கத்தின் மேல்பாகமான பாணத்தில் சாத்திய அன்னத்தைச் சாயரட்சை முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிட்டு, மற்றதைத் தயிர் விட்டுப் பிசைந்து கொடுத்தார்கள். மந்தாரை இலையில் வாங்கி, மழைக்கு ஒதுங்கி, பிராகாரத்துத் தூண் ஓரமாக நின்றபடியே சாப்பிட்டோம். என்னிடம் ஒன்றாம் வகுப்புப் படித்த பிள்ளைதான் பரிமாறினான். இப்போது அவன் மகன் பத்தாவது. "டீச்சர், இன்னொரு கை வாங்கிக்குங்க" என்று அவன் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

வெள்ளிக்கிழமை வெயில் தலைகாட்டியது. நனைந்து கிடந்த துணியெல்லாம் கொடிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை பெங்களூரிலிருந்து மகன் பேசினான். இப்படித்தான் போகிறது, சகோதரி. பொழுது போகவில்லை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

என் கணவர் ரிட்டயர் ஆனதிலிருந்து சமையலறையை விட்டு நகர மாட்டேன் என்கிறார். "ஏன் இவ்வளவு எண்ணெய்?", "கேஸை ஏன் குறைக்கவில்லை?" என்று கேள்விமேல் கேள்வி. என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

அவருக்கு உங்கள் சமையல் பிடிக்காமல் போய்விடவில்லை, தாயே. முப்பத்தைந்து வருஷம் நாலு பேரை வேலை வாங்கிய மனிதருக்கு, தன்னை நம்பி வீட்டில் ஒரு காரியமும் இல்லை என்பது தாங்க முடியாத விஷயம். முழுசாக ஒரு வேலையை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். 'கூடமாட ஒத்தாசை' செய்யச் சொல்லாதீர்கள். அது வேலையே அல்ல, எடுபிடி.

எங்கள் வீட்டில் வாழைப்பூ அவருடைய இலாகா. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, மடலை ஒவ்வொன்றாக உரித்து, பூவின் தலையைக் கட்டை விரலால் தேய்த்து விரிப்பார். உள்ளே தீக்குச்சி மாதிரி தலை உருண்டு விறைப்பாக ஒரு நரம்பு நிற்கும். அதுதான் கள்ளன். அதை உருவி, அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடி போன்ற செதிலையும் கிள்ளிப் போட வேண்டும். நறுக்க நறுக்க மோர்த் தண்ணீரில் போட்டால்தான் கறுக்காது. ஒரு பூ ஆய ஒரு மணி நேரம் பிடிக்கும் அவருக்கு. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன். ஒரு கள்ளன் தப்பி வந்து கறியில் கடிபட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன். நீங்களும் கொடுத்த வேலையைத் திரும்ப எடுத்துச் செய்யாதீர்கள். அதைவிட அவமானம் அவருக்கு வேறில்லை.

சென்னை ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கே போய்விடலாம் என்று இருக்கிறோம். எனக்கு 64, கணவருக்கு 68. எதை முதலில் பார்க்க வேண்டும்?
– வாசகி, குரோம்பேட்டை

ஆஸ்பத்திரி. காற்று, தண்ணீர், கோயில் எல்லாம் அப்புறம். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் எத்தனை நிமிஷத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக முடியும் என்று பாருங்கள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர்தான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அந்தத் தெம்பில்தான் நாங்கள் இருக்கிறோம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது கழிப்பறை. கொல்லைக்கோடியில் இருந்தால் வீட்டுக்குள் ஒன்று கட்டுங்கள். உட்காரும் கோப்பை, பக்கத்தில் பிடித்து எழ ஒரு கம்பி. பொங்கலுக்கு ஊர் அழகாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் ஒரு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் சண்டை வராதா?
– வாசகர், மதுரை

வரும். ஃபேன் வைக்கும் வேகத்துக்கே வரும். இரண்டாவது காப்பிக்குள் முடிந்துவிடும்.

கிராமத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு 82 வயது. மத்திய அரசு பென்ஷன். நடக்க முடியாதவரை உயிர்வாழ் சான்றிதழுக்காக பேங்க்குக்கு எப்படித் தூக்கிக்கொண்டு போவது?
– வாசகர், கோவை

போகவே வேண்டாம். என் வீட்டுக்காரர் தபால் துறையில் இருந்தவர், அவருக்கும் நவம்பரில்தான் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை தபால்காரர் மழைக்கோட்டோடு வந்தார். ரேகை தேய்ந்த விரல் இயந்திரத்தில் விழவில்லை. செல்போனில் முகத்தைப் படம் பிடித்தே முடித்துவிட்டார். 'ஜீவன் பிரமாண்' எனும் அந்த டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழின் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்தது. கட்டணம் 70 ரூபாய். ஆதார் எண், பென்ஷன் உத்தரவு எண், பேங்க் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் தலைமாட்டில் வைத்துவிடுங்கள். ஓடிபி வரும் செல்போன் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அது உங்கள் கையில் கோவையில் இருந்தால் காரியம் நடக்காது. எண்பது வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-ஆம் தேதியிலிருந்தே கொடுக்கலாம் என்பதால், அடுத்த வருஷம் நவம்பர் மழைக்குக் காத்திருக்காமல் முன்கூட்டியே ஊர்த் தபால்காரரிடம் சொல்லி வையுங்கள்.