மாத்திரை போட்டதைக் கணினி அறியுமா? கேள்வி பதில்

மருத்துவமனை மின்பதிவுகளோடு மல்லுக்கட்டும் மருந்தாளுநர் நான். மருந்தைச் சொன்னபடி சாப்பிட அந்தப் பதிவு எப்படி உதவும் என்று கேளுங்கள். வைத்தியம் கேட்காதீர்கள்.

கே: நான் மாத்திரையை விட்டுவிட்டால் டாக்டருக்குக் கணினியில் தெரிந்துவிடுமா சார்?

எழுதிக்கொடுத்தது தெரியும். மருந்துக்கடையும் இணைந்திருந்தால் வாங்கியது தெரியும். விழுங்கியது தெரியாது. அமெரிக்காவில் கடையில் வாங்கிய விவரம் டாக்டரின் திரைக்கே வரும். கையில் மருந்து இருந்த நாட்களை அதிலிருந்து கணக்கிடுவார்கள். 90 நாளில் 72 நாளுக்கு இருந்தால் 80 சதவீதம். பெரும்பாலான நாட்பட்ட நோய் மருந்துகளுக்கு அதுதான் பாஸ் மார்க். நம் தெருமுனைக் கடையில் பத்து மாத்திரை வெட்டி வாங்கினால் எந்தப் பதிவிலும் ஏறாது. ஆகவே மாத்திரை அட்டைகளை டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.

பதிவு உண்மையில் கைகொடுக்கும் இடம் வேறு. இரண்டு டாக்டர்கள் இரண்டு பிராண்ட் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் உள்ளே டெல்மிசார்ட்டான் என்ற ஒரே பிபி மருந்துதான். இரண்டையும் ஒரே பதிவில் மருந்தின் மூலப்பெயரில் பதிந்திருந்தால் கணினி உடனே பிடித்துவிடும்.

கே: ஆபா எண் எடுத்துவிட்டேன். வேளாவேளைக்கு போன் அடிக்குமா?

அடிக்காது. அது உங்கள் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் 14 இலக்க எண். அலாரத்தை நீங்கள்தான் வைக்க வேண்டும்.

கே: பிபி நார்மல். நிறுத்தலாமா?

உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நார்மலாக இருப்பதே மாத்திரையால் இருக்கலாம்.

கே: காசநோய் மாத்திரை சாப்பிட்டதை போன் வழியாகக் கண்காணிக்க 99டாட்ஸ் என்ற முறை வந்ததே? விழுங்கியது தெரியாது என்கிறீர்கள்!

மாத்திரையைப் பிதுக்கினால் உறையில் மறைந்திருக்கும் எண் தெரியும். அதற்கு இலவசமாக அழைத்தால் கணக்கில் ஏறும். பதிவானது அழைப்புதான்.

கே: பொய்யாக அழைக்க யாருக்கு என்ன அவசியம்? நோயாளியை நம்பவே மாட்டீர்களா?

நம்புகிறேன், அதனால்தான் சொல்கிறேன். சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரில் ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்து இருக்கிறதா என்று பார்த்து 99டாட்ஸ் கணக்கோடு ஒப்பிட்டார்கள். அந்தக் கணக்கின் துல்லியம் போதவில்லை. சாப்பிட்டும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். போனில் சிக்னல் இல்லாத நோயாளியை ‘மருந்து சாப்பிடாதவர்’ என்று பதிந்தால் அந்த முத்திரை அவரோடு ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போகலாம். மருந்தைத் தவறவிட்டதாகத் திரையில் சிவப்பு தெரிந்தால் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும். காசில்லையா, வாந்தி வந்ததா, கடையில் இருப்பு இல்லையா? அந்தக் காரணத்தைப் பதியுங்கள்.

கே: அப்படியென்றால் பதிவே வேண்டாம் என்கிறீர்கள்.

எங்கே சொன்னேன்? ஒருமுறை மேலே படியுங்கள்.

கே: சுகர் நார்மல். நிறுத்தலாமா?

பிபிக்குச் சொன்னதேதான். அட்டையையும் எடுத்துப் போங்கள்.

கே: தைராய்டு நார்மல்…

டாக்டர்!