ஐபிஎஸ் (IBS) என்ற குடல் எரிச்சல் கோளாறு இருந்தால் வெங்காயம், பூண்டை வாழ்நாள் முழுக்க ஒதுக்க வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. வெங்காயம், பூண்டு, கோதுமையில் ஃப்ரக்டான் என்ற கார்போஹைட்ரேட் உண்டு. யாருடைய சிறுகுடலும் அதைச் செரிக்காது. பெருங்குடலில் பாக்டீரியா அதை நொதிக்கவைத்து வாயு உண்டாக்கும். ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்புகளுக்குக் கூச்சம் அதிகம், அதனால் அந்த உப்பலே வலியாகத் தெரிகிறது.

மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'லோ ஃபாட்மேப்' (low FODMAP, இப்படி நொதிக்கும் கார்போஹைட்ரேட்களைக் குறைக்கும் உணவு) முறையில், இவற்றை 2 முதல் 6 வாரம்தான் நிறுத்தச் சொல்கிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது, எவ்வளவு ஒத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பலர் இந்த இரண்டாம் கட்டத்தையே விட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டோடு காலம் தள்ளுவது வருத்தமாக இருக்கிறது.

சமையலில் ஒன்று கவனியுங்கள். ஃப்ரக்டான் நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் வெந்த பூண்டைப் பொறுக்கி எடுத்துப் பயனில்லை, குழம்பில் இறங்கியிருக்கும். முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி, எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளியுங்கள். மணம் அப்படியே இருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் சேர்க்கலாம்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.